தோட்டத்துப் பிள்ளையும் அட்சரகணிதமும்

எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்து நின்றதும் மாணவர் பலர் மருளுகின்றனர். இம்மருட்சிக்குக் காரணம் அவர்தம் மந்தபுத்தியன்று. சூத்திரத்தை முன்னும் பொருளைப் பின்னும் வைக்கும் போதனாமுறையே என்பது எமது துணிபு.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைக்கு நிரையும் மரமும் புதியனவல்ல. நிரைக்கு ய மரமாக ய நிரைகள் கொண்ட சதுர இறப்பர் நிலமொன்றை எண்ணுக. இருபுறமும் மும்மூன்று நிரைகள் கூட்டினால் மரம் எத்தனை? ய² + 9 என்று எழுதுவோர் அநேகர். படம் வரைந்தால் உண்மை தெரியும்: பக்கத்துக்கொன்றாக 3ய மரங்கொண்ட பட்டிகள் இரண்டு, மூலையில் 9, ஆக ய² + 6ய + 9. ய பத்தாயின் 169 மரம். முந்திய விடையோ 109. அறுபது மரத்தைத் தொலைத்த கணக்கை எந்தக் கங்காணியும் பொறான்!

காரணிப்படுத்தல் இதன் மறுதலை. ய² + 8ய + 15 மரங்களை நீள்சதுரமாக நிறுத்த வேண்டின், கூட்டினால் 8, பெருக்கினால் 15 தரும் இரண்டெண்கள் வேண்டும். அவை 3, 5. பக்கங்கள் ய + 3, ய + 5. ய பத்தாயின் 13 × 15 = 195; கோவையும் 195 தருகிறது. இச்சோதனையைப் பழகியவன் விடைப்பக்கத்தைப் புரட்டான். 15 இன் இடத்தில் 14 ஐ வைத்தும் ஆசிரியர் வினவுதல் வேண்டும். முழுவெண்களால் அது பிரியாது. பிரியும் கோவைகளையே என்றும் கொடுப்பதனால் மாணவன் ஊகிக்கப் பழகுகிறான், ஆராயப் பழகுவதில்லை.

இது புதுமுறையுமன்று. ஒரு சதுரமும் அதன் பக்கத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 39 ஆயின் பக்கம் யாது என்ற வினாவை, ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி படம் வரைந்தே தீர்த்தார். வெறுமையாய் நின்ற மூலையை 25 ஆல் நிரப்ப மொத்தம் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஐந்து கழிய 3.

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970 களிலே. ஒரு தலைமுறை பிந்தித் தொடங்கிய பிள்ளைகளுக்குச் சாதாரண தரக் கணிதமே இன்றும் ஒடுங்கிய வாயிலாக நிற்கிறது. யூபிலி நிதியை அலங்கார வளைவுக்குச் செலவிடுவதினும், சனிக்கிழமைதோறும் தோட்டப் பாடசாலையொன்றிற் கணித வகுப்பு நடத்தச் செலவிடுதல் நன்று. கட்டமிட்ட தாளும் வெண்கட்டியும் போதும். கற்பிக்க வல்லார் பழைய மாணவருட் பலர் உளர்.