பின்வாங்குப் பிள்ளைகள்



ரிவர்ஸ்டன் மலையில் பனிமூட்டம் இறங்கினால் வகுப்பறைக் கரும்பலகை நல்ல கண்ணுக்கே மங்கும். பார்வை குறைந்த என் மகளைப் பின்வாங்கில் இருத்தி, "படிப்பில் மந்தம்" என்று முடிவுகட்டிவிட்டார்கள். முன்வாங்கு, பாடக்குறிப்பு பெரிய எழுத்தில் ஒரு பிரதி, எழுதி முடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம். இவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். சேர்த்துக்கொண்டபின் கவனிக்காமல் விடுவதும் பாகுபாடுதானே! விசேட கல்வி அலகு தேடி இந்த மலைப்பாதையில் தினமும் நகரத்துக்குக் கூட்டிப்போக எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? பயிற்சி பெற்ற விசேட கல்வி ஆசிரியர் ஒருவர் கிழமைக்கு ஒரு நாளாவது எங்கள் மலைப் பாடசாலைகளுக்கு வரவேண்டும். மற்ற ஆசிரியர்களுக்கும் அடிப்படைப் பயிற்சி கொடுக்கவேண்டும், அடுத்த தவணைக்கு முன்பே.

ஒரு தாய்,
ரிவர்ஸ்டன், மாத்தளை.