அளவா எண்டால் எவ்வளவு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற அனெக்ஸில் ஒரு சொதி திரைந்து போனது. தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டி விற்கிற காலம். வீட்டுக்கார அன்ரியிடம் இரவல் வாங்கின திருவலையில், ஆளுக்கு ஒரு விரலைக் காயப்படுத்தித் துருவி, முதற்பால் வேறு கப்பிப்பால் வேறு என்று பிழிந்து வைத்து, எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சொதி கொதிக்கிற நேரம் பார்த்து எங்களில் ஒருத்தி தேசிக்காயைப் பிழிந்துவிட்டாள். ஒரு நிமிடந்தான். மஞ்சள் தண்ணி ஒரு பக்கம், வெள்ளைத் திப்பி ஒரு பக்கம்.

ஊருக்குக் கோல் எடுத்தோம். அம்மா சொன்னா: "இறக்கிப்போட்டெல்லோ பிள்ளை தேசிக்காய் விடுறது! இது கூடத் தெரியாதே உங்களுக்கு?"

தெரியாது. உண்மையாகவே தெரியாது. அந்த "இது கூட" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் மூன்று பேர். ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி ஹற்றன். மூன்று பேரும் கலைப்பீடம். சொத்து என்று சொன்னால் ஒற்றை அடுப்பு, 5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று, மூடி சரியாகப் பூட்டாத ரைஸ் குக்கர் ஒன்று, ஒரு சட்டி, ஒரு தாச்சி. கடைச்சாப்பாடு மூன்று நேரமும் கட்டாது என்று கணக்குப் பார்த்த அன்று, "நாங்களே சமைப்பம், அப்படி என்ன பெரிய வேலை" என்று தொடங்கினோம்.

எங்களில் யாழ்ப்பாணத்தாள் சைவம். மற்ற இருவருக்கும் மீன், இறைச்சி எல்லாம் வேண்டும். மட்டக்களப்பாளுக்கு மீன் இல்லாத சோறு ஒரு தண்டனை. ஆனால் சட்டி ஒன்றுதானே இருக்கிறது. ஆகவே வீட்டுச் சட்டி மரக்கறிச் சட்டி, மீன் ஆசை வந்தால் வெளியில் போய்த் தீர்த்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். சைவம் என்றால் உயர்வு, சுத்தம் என்கிற கதையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எங்கட ஊர்களில் எவ்வளவு சாதி ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியும். ஒரே சட்டியில் மூன்று பேரும் கை வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் காரணம். அதற்கு மேல் தத்துவம் ஒன்றும் இல்லை.

சைவமாக இருப்பது கொழும்பில் எவ்வளவு கஷ்டம் என்பது அதுக்குப் பிறகுதான் விளங்கியது. கட்டைச் சம்பலுக்குள் மாசி, சீனிச் சம்பலுக்குள் மாசி, சில கடைகளில் கீரைச் சுண்டலுக்குள்ளும் மாசி. மரக்கறி ரைஸ் என்று வாங்கினால் மேலே முட்டை. "முட்டை மரக்கறிதானே" என்பார்கள். எங்கள் மூன்று பேருக்கும் சிங்களத்தில் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த முதல் வசனம் "உம்பலகட தியெனவத?" என்பதுதான். மாசி போட்டிருக்கோ என்று அர்த்தம். வணக்கம் சொல்ல முதல் இதைக் கேட்டுவிடுவோம்.

சந்தையில் ஒரு நாள் மரக்கறிக்காரர் "மாலு மிரிஸ்" என்று ஒரு குவியலைக் காட்டினார். மாலு என்றால் மீன் என்கிற அளவுக்குச் சிங்களம் தெரிந்த எங்கட சைவக்காரி இரண்டடி பின்னால் போய்விட்டாள். கிட்டப்போய்ப் பார்த்தால் நாங்கள் சின்ன வயதில் இருந்து சாப்பிடுகிற கறிமிளகாய். மீனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "பெயரில மாலு இருந்தால் பயப்படத் தேவையில்லை" என்று அவள் அன்று ஒரு பாடம் படித்தாள். அந்தப் பாடத்தை நம்பி அடுத்த கிழமை பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஒரு பேக்கரியில் "மாலு பாண்" வாங்கிக் கடித்தாள். அதுக்குள் மீன்தான். துப்பிவிட்டுத் தண்ணி குடித்து, கண் கலங்கி, பிறகு எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அவளுடைய அம்மம்மாவுக்கு இந்தக் கதை இன்றுவரை தெரியாது. இந்தப் பக்கத்தை அவ வாசிக்க மாட்டா என்ற துணிவில்தான் எழுதுகிறோம்.

இனிச் சமையலுக்கு வருவோம். முதல் நாள் சோறு. "அரிசிக்கு மேல விரலை வை, முதல் கோடு மட்டும் தண்ணி விடு" என்றா ஒரு அம்மா. யாருடைய விரல்? எங்கள் மூன்று பேரின் விரலும் மூன்று நீளம். சராசரி பார்த்துத் தண்ணி விட்டோம். அம்மா சொன்னது வெள்ளையரிசிக்கு, நாங்கள் போட்டது சிவப்புப் பச்சையரிசி என்பது பிறகுதான் தெரிந்தது. சோறு நறுக்கு நறுக்கு என்று கடிபட்டது. அடுத்த நாள் கோபத்தில் தண்ணியைக் கூட்டினோம். கஞ்சி. மூன்றாம் நாள் பாண் வாங்கினோம்.

"உப்பு எவ்வளவு அம்மா?"

"அளவாப் போடு."

"அளவா எண்டால் எவ்வளவு?"

"அளவெண்டால் அளவுதான் பிள்ளை. இதென்ன கேள்வி?"

"எவ்வளவு நேரம் வதக்கிறது?"

"வாசம் வரேக்க தெரியும்."

எங்களுக்கு வந்த வாசம் எப்போதும் கருகல் வாசம்.

வாழைப்பொத்தி வறை செய்ய வெளிக்கிட்டது இன்னொரு கதை. கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வெட்ட வேண்டும், வெட்டினதை உப்புப் போட்டுப் பிசைந்து கயரைப் பிழிந்துவிட வேண்டும் என்று யூரியூப்பில் சொன்ன பகுதியை நாங்கள் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறோம். வறை கறுப்பு, வாயெல்லாம் கயர், பத்து விரலும் மோட்டார் சைக்கிள் திருத்தினவரின் விரல் மாதிரி. அடுத்த நாள் காலை விரிவுரையில் கை உயர்த்திக் கேள்வி கேட்க வெட்கமாக இருந்தது. கௌபியை ஊறப்போடாமல் அவிக்க வைத்து அரைவாசி சிலிண்டரை முடித்ததையும், யன்னலைப் பூட்டிக்கொண்டு செத்தல் மிளகாய் வறுத்ததையும் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. மிளகாய் வறுத்த அன்று மேல்மாடிக் குடும்பம் இருமிக்கொண்டே கீழே இறங்கி வந்தது. 2021 கடைசியில் நாட்டில் காஸ் சிலிண்டர்கள் வெடித்த ஞாபகம் யாருக்கும் இன்னும் போகவில்லை. அன்ரி முதலில் பார்த்தது எங்களை இல்லை, சிலிண்டரைத்தான்.

இதெல்லாம் சிரிக்கிறதுக்குச் சரி. ஆனால் எங்களுக்கே உறைத்த ஒரு விஷயம் இருக்கிறது.

அதே மாதம் வீட்டுவேலை பற்றி ஒரு அசைன்மென்ற் எழுதினோம். சில்வியா ஃபெடரிச்சி 1975இல் எழுதின, வீட்டுவேலைக்குக் கூலி கேட்கிற சிறுநூலை மேற்கோள் காட்டினோம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் செய்த நேரப் பயன்பாட்டு ஆய்வையும் சேர்த்தோம். இந்த நாட்டில் சம்பளம் இல்லாத வீட்டுவேலையில் ஆண்களைவிடப் பெண்கள் எவ்வளவோ கூடுதலான நேரம் செலவழிக்கிறார்கள் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நல்ல புள்ளியும் கிடைத்தது. அந்த அசைன்மென்றை எழுதி முடித்த இரவு நாங்கள் சாப்பிட்டது அடிப்பிடித்த பருப்பு. பருப்பு ஏன் அடிப்பிடிக்கிறது என்று கேட்க அம்மாவுக்குக் கோல் எடுத்தபோது இரவு ஒன்பதரை. அவ அப்போதுதான் அடுப்படியைக் கழுவிக்கொண்டிருந்தா. "பெண்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது" என்று பத்துப் பக்கம் எழுதின எங்களுக்கு, இருபது வருடமாக எங்களுக்கு முன்னால் நடந்த உழைப்பில் ஒரு சொதிக்கு எப்போது தேசிக்காய் விடுவது என்பது கூடத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? "நீ போய்ப் படி. அடுப்படிப் பக்கம் வரத் தேவையில்லை." எங்களில் இருவர் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஓ.எல், ஏ.எல், இசட் ஸ்கோர் என்று ஓடின காலம் முழுக்கத் தேத்தண்ணி மேசைக்கு வந்தது. அம்மாமார் அதைத் தெரிந்துதான் செய்தார்கள். தாங்கள் நின்ற இடத்தில் பிள்ளை நிற்கக்கூடாது என்று நினைத்தார்கள். அது அன்பு, அதோடு ஒரு அரசியலும். அதை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். பள்ளிக்கூடத்திலும் மனைப்பொருளியல் எடுத்தவர்களை "லேசான பாடம் எடுத்தவர்கள்" என்று நாங்களே பகிடி பண்ணியிருக்கிறோம். அந்தப் பகிடியைத்தான் இப்போது கருகினபடி சாப்பிடுகிறோம்.

ஆனால் எங்கட ஹற்றன்காரிக்கு இந்தக் கதை பொருந்தாது. அவளுடைய அம்மா விடிய முதல் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். தம்பி தங்கச்சிக்கு ரொட்டி தட்டிச் சம்பல் இடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இவள் பள்ளிக்கூடம் போனாள். முதல் கிழமை எங்களுக்கு ஒழுங்கான சாப்பாடு போட்டது அவளுடைய ரொட்டிதான். "உனக்கென்ன, உனக்குச் சமைக்கத் தெரியும்" என்று நாங்கள் பொறாமையோடு சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாம இருக்க வசதி இருந்திச்சு" என்றாள். சமைக்கத் தெரியாமல் இருப்பது ஒரு வர்க்கச் சலுகை என்பதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக வாசிக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு கிழமை அவளே ரொட்டி சுட்டாள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். தெரிந்தவள் மேல் வேலையைச் சுமத்துகிற பழக்கம் பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டிலும் வரும். இப்போது சுவரில் முறை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எங்கட பட்ச் பெடியங்களும் பக்கத்து ஒழுங்கையில் சமைக்கிறாங்கள். அவங்கட சோறும் கருகும். கருகின சட்டியைப் படம் எடுத்து இன்ஸ்ராகிராமில் போட்டு "செஃப்" என்று எழுதினால் இதயம் இதயமாக விழும். எங்கட கருகின சட்டிக்கு வந்த கொமென்ற்: "நாளைக்கு மாமியார் வீட்ட போய் என்ன செய்யப் போறீங்கள்?" ஒரே கருகல்தான். அவங்களுக்கு அது முயற்சி, எங்களுக்கு அது குறைபாடு. இருபது வயதுவரை "படி, அடுப்படிப் பக்கம் வராதே" என்ற அதே வாய்கள் இருபத்தொன்றில் "சமைக்கத் தெரியாதே?" என்று கேட்கின்றன. இடையில் எந்த வகுப்பில் இதைப் படிப்பித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பொம்பிளைப் பிள்ளைக்குத் தானாக வரும் என்று நினைக்கிறார்கள். எங்களுக்குத் தானாக வந்தது இருமல் மட்டுந்தான்.

இதுக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பெண் என்றால் சமைக்கப் பழக வேண்டும் என்பது ஒன்று. சமையல் அடிமைத்தனம், பழகவே கூடாது என்பது மற்றது. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. முதலாவது சமையலைப் பெண்ணின் கடமையாக்குகிறது. இரண்டாவது அம்மாவின் அறிவை அறிவே இல்லை என்கிறது, அதோடு வேறொருத்தி சமைத்துத் தருவாள் என்பதையும் மறைவாக நம்பியிருக்கிறது. நீச்சல் மாதிரி, சைக்கிள் மாதிரி இதுவும் உயிர் வாழ எல்லாருக்கும் தேவையான ஒரு பழக்கம். ஆணோ பெண்ணோ, பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பழக வேண்டியது. "கைப்பக்குவம்" என்று அம்மாவைப் புகழ்வதும் எங்களுக்கு இப்போது கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது. அது கையோடு பிறந்த அதிசயம் என்றால் மற்றவர்கள் பழகத் தேவையில்லை. ஆயிரம் தரம் செய்து, பிழைவிட்டு, திருத்திப் பழகின அறிவு என்றால் எல்லாரும் பழகலாம், அதற்கு ஒரு மதிப்பும் கொடுக்க வேண்டி வரும்.

இப்போது எங்களிடம் ஒரு கொப்பி இருக்கிறது. மூன்று அம்மாமாரிடமும் கேட்டு எழுதுகிறோம். "அளவா" என்று சொன்னால் விடுவதில்லை. கரண்டியா, சுண்டா, சிட்டிகையா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். முதல் பக்கத்தில் சொதி: வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கருவேப்பிலை போட்டுக் கப்பிப்பாலில் அவிய விடு. கடைசியில் முதற்பால், துழாவிக்கொண்டே இரு, பொங்கி வரேக்க இறக்கு. ஆறின பிறகு தேசிக்காய். "ஆறின பிறகு" என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

"இதையெல்லாம் ஏன் பிள்ளை எழுதுறாய்? இதுவும் ஒரு படிப்போ?" என்று அம்மா கேட்டா. ஓம் அம்மா என்றோம். கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்துவிட்டு, "அப்ப எழுது. தேசிக்காய் விட்டாப் பிறகு திரும்ப அடுப்பில வைச்சுச் சூடாக்கக் கூடாது. அதையும் எழுது" என்றா.

போன ஞாயிறு சொதி திரையவில்லை. உப்புத்தான் கொஞ்சம் கூட. பெடியங்கள் நாலு பேர் சாப்பிட வந்தாங்கள். சாப்பிடுறதெண்டால் வெட்டவும் கழுவவும் வேணும் என்று சொன்னோம். வெங்காயம் வெட்டி அழுத படத்தை ஒருத்தன் இன்ஸ்ராகிராமில் போட்டான், வழமை போல இதயங்கள் விழுந்தன. பிறகு சட்டி கழுவினதும் அவன்தான். அதைப் படம் எடுக்க அவன் விடவில்லை.