ஓய்வுநாளைப் போதிப்பவரின் ஓய்வுநாள்

ஞாயிறு காலை ஒரு பிரசங்கம், மற்ற ஆறு நாளும் ஆயருக்கு ஓய்வுதானே என்ற கேலி சபைக்குள்ளேயே உலவுகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் கிராமச் சேகரம் ஒன்றை அருகிருந்து பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். ஒரே ஆயரின் பொறுப்பில் பல கிளைச் சபைகள் இருக்கும். ஓர் ஊரில் திருவிருந்தை முடித்த கையோடு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். உபவாச ஜெபம், வீட்டு ஜெபம், திருமணம், அடக்க ஆராதனை, ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்ப்பது, சேகரக் கமிட்டி, கணக்கு வழக்கு, சில இடங்களில் பள்ளித் தாளாளர் பொறுப்பும் உண்டு. டிசம்பரில் கேரல் பவனி தொடங்கினால் புத்தாண்டு ஆராதனை முடியும்வரை மூச்சுவிட நேரமில்லை. ஊரார் விடுமுறையில் இருக்கும் நாளெல்லாம் அவருக்கு வேலைநாள். அது இந்தப் பணியின் இயல்பு, அதில் குறையில்லை. அதற்கு ஈடான ஒரு நாளை ஆயரின் சாமர்த்தியத்துக்கும் சபையாரின் பெருந்தன்மைக்கும் விட்டுவிடுவதுதான் குறை.

திங்கட்கிழமை அவரே கதவைச் சாத்திக்கொள்ளலாமே, விதி எதற்கு என்று கேட்கலாம். சாத்தலாம். அன்று வந்து திரும்பிப் போனவர் அடுத்த கமிட்டியில் அதைப் பேசுவார். ஒரு வருடம் கழித்து இடமாற்றக் கோரிக்கைக்கு அதுவே காரணமாகும். யாரிடம் பணிசெய்கிறாரோ அவர்களிடமே ஓய்வைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருப்பவருக்கு ஓய்வு கிடைக்காது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஆயருக்கு அப்படி மணிக்கணக்குப் பார்ப்பது கடினம்தான். சாகக் கிடப்பவரின் அருகே அமர்ந்திருந்த நேரத்தையும், இரவு பத்து மணிக்கு வந்த தொலைபேசி அழைப்பையும் எந்தப் பதிவேட்டில் எழுதுவது? மணியை விட்டுவிடலாம், நாளை எண்ணினால் போதும். இங்கிலாந்துத் திருச்சபை அதைத்தான் செய்தது. அங்கே குருமார் பெரும்பாலும் ஊழியர்கள் அல்ல, பதவி வகிப்பவர்கள். ஆனாலும் அத்திருச்சபையின் 2009ஆம் ஆண்டு விதிகள் ஏழு நாளுக்குள் இடையறாத 24 மணி நேர ஓய்வையும், ஆண்டுக்கு 36 நாள் விடுப்பையும் உரிமையாக்கின. வார ஓய்வு ஞாயிற்றுக்கிழமையில் வரக் கூடாது என்பதையும் அவ்விதிகளே சொல்கின்றன. உரிமை வந்ததால் ஆராதனை நின்றுவிடவில்லை.

இது அழைப்பு, சம்பள வேலையல்ல, கணக்குப் பார்ப்பது ஊழியத்துக்கே இழுக்கு என்பார்கள் சிலர். பக்தியோடு சொல்லப்படும் வாதம் என்பதால் வேதத்திலிருந்தே பதில் சொல்ல வேண்டும். எருசலேம் ஆலயத்து ஆசாரியர்கள் 24 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்துப் பணிசெய்தார்கள் என்கிறது நாளாகமம். யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியாவும் தன் வகுப்பின் முறை வந்தபோதுதான் தூபங்காட்டப் போனார். பணிநாட்கள் முடிந்ததும் வீடு திரும்பினார். லேவியர்கள் 50 வயதில் கடும் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஆலயப் பணியே முறைவைத்து நடந்திருக்க, ஒரே மனிதர் ஆண்டு முழுவதும் ஓயாமல் ஓடுவதைப் பக்தியின் அடையாளமாக்கியது நாம்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மரணத்தைப் பற்றியது. சாவு திங்கட்கிழமை பார்த்து வருவதில்லை. உண்மைதான். அதனால்தான் மாற்று ஆள் இல்லாத விடுப்பு வெறும் காகிதம். கத்தோலிக்கத் திருச்சட்டத்தின் 533ஆம் பிரிவு பங்குத்தந்தைக்கு ஆண்டுக்கு ஒரு மாதம்வரை விடுமுறை தருகிறது. அந்த நாட்களில் பங்கைக் கவனிக்க இன்னொரு குருவுக்கு வழிசெய்வது மறைமாவட்ட பிஷப்பின் கடமை என்பதையும் அதே பிரிவில் சேர்த்திருக்கிறது. சீர்திருத்த சபைகளில் இது இன்னும் எளிது. திருவிருந்துக்கும் திருமணத்துக்கும் அபிஷேகம் பெற்றவர் தேவை என்றே வைத்துக்கொள்வோம். ஜெபக்கூட்டம், நோயாளி சந்திப்பு, கமிட்டி, கணக்கு ஆகியவற்றுக்கு உபதேசியாரும் மூப்பர்களும் போதாதா? அடக்க ஆராதனைக்குப் பக்கத்துச் சேகரத்து ஆயரை முறைவைத்து அழைத்துக்கொள்ளலாம். ஆள் பற்றாக்குறை என்று சொல்லப்படுவதில் பாதி, எதற்கெடுத்தாலும் ஆயரே வர வேண்டும் என்ற நம் பிடிவாதம்.

சுயாதீன சபைப் போதகர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மேலே பேராயரும் இல்லை, கீழே பதிலாளும் இல்லை. காணிக்கையே வருமானம் என்பதால், ஒரு வாரம் காணோமென்றால் விசுவாசிகள் அடுத்த தெருச் சபைக்குப் போய்விடுவார்களோ என்ற பயமும் உண்டு. அங்கே விதி போட யாருமில்லை. ஒரே ஊரின் போதகர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. நியமனக் கடிதத்தை எழுதுவது அவர்களே. எந்தச் சேகரம், எந்தத் தேதியில் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதும் அதே தாளில், வாரத்தில் எந்த நாள் ஓய்வு, அன்று அழைப்பு வந்தால் போக வேண்டியவர் யார் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்து, அதன் நகலைச் சேகரக் கமிட்டிக்கும் அனுப்பலாம்.