ஆப்கனில் ஏட்டுப் படை!

2021 ஆகஸ்ட் 15! அமெரிக்கப் படை மூட்டை கட்டி முடிக்குமுன்பே காபூல் தாலிபான் வசமாயிற்று. குடியரசுத் தலைவர் அஷ்ரப் கனி நாட்டைவிட்டே பறந்தார்.

மூன்று இலட்சம் வீரர் எங்கே? ஏட்டிலே இருந்தனர் பலர், தோழர்களே! இல்லாத சிப்பாய்க்கும் சம்பளம் எழுதி விழுங்கினர் அதிகாரிகள்; இருந்த சிப்பாய்க்கோ மாதக்கணக்கில் சம்பளமில்லை. அவனைக் கோழை என்போர் உண்டு; நாம் சொல்லமாட்டோம். இருபதாண்டுப் போரிலே 60,000 பேருக்கு மேல் மடிந்த படையல்லவா அது! 2020 பிப்ரவரியில் தோஹாவிலே அமெரிக்கா தாலிபானோடு கையெழுத்திட்டபோது, காபூல் அரசுக்கு அங்கே இடமே இல்லை. எசமானே பேரத்தை முடித்த பிறகு யாருக்காகச் சாவான் அவன்?

விலை கொடுப்பவர் சிறுமியர். ஆறாம் வகுப்போடு பள்ளிக் கதவு மூடிற்று; 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும். மார்க்கம் என்கின்றனர். வேறெந்த முஸ்லிம் நாட்டிலே இருக்கிறது இந்தத் தடை?