ஓசி அல்ல, உரிமை

"லினக்ஸா? காசில்லாதவனுக்குக் கொடுக்கிற ஓசிச் சரக்குதானே?" மஞ்சக்குப்பத்தில் ஒரு மாணவத் தோழர் நம்மிடம் கேட்டார். இல்லை தோழர்.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தந்தார். இரண்டும் சேர்ந்த இந்த இயங்குதளத்தை யாரும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இவை நான்கும் உரிமைகள். யாரும் போட்ட பிச்சை அல்ல.

படிக்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக விரட்டப்பட்டவர்கள் நாம். மூலநிரலைப் பூட்டி வைத்துவிட்டு உரிமக் கட்டணம் கேட்பவர்களை மட்டும் ஏன் கேள்வி கேட்பதில்லை?

அரசின் எல்காட் நிறுவனத்தை லினக்ஸுக்குக் கொண்டுபோனவர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தலித் அதிகாரி. 2010-இல் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ரத்து செய்தார்கள்.

2011-இல் தொடங்கிய திட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு வந்த அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

பழைய கணினியும் ஒரு பென்டிரைவும் போதும். சேரியில் நிறுவுவோம், சேர்ந்து கற்போம். பயனாளிகளாக இருந்தது போதும் தோழர்களே, நிரல் எழுதுபவர்கள் ஆவோம்.