ராத்திரிக்கு மெஷின் கிடைக்காது



போன வாரம் ஒரு போன் வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "சார், உங்ககிட்ட ஏதோ தங்கம் கண்டுபிடிக்கிற மெஷின் இருக்காமே, ஒரே ஒரு ராத்திரி கொடுங்க சார், காலையில திருப்பிக் கொடுத்துடறேன்" என்றான். எங்கே கொண்டுபோகப் போகிறாய் என்று கேட்டேன். ஒரு பாழடைந்த மண்டபத்தின் பெயரைச் சொன்னான். அவனுக்கு நான் போனில் சொன்ன பதில் கொஞ்சம் கடுமையாகிவிட்டது. அதையே நிதானமாக, காரணத்தோடு இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான் என்று தெரியும். பெயர் சொல்லவில்லை, பயப்படாதே.

முதலில் அந்த மெஷின் கதை. என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வரவழைத்தான். நீளக் கம்பு, கைப்பிடியில் ஒரு சின்னப் பெட்டி, கீழே தட்டு மாதிரி ஒரு வளையம். அந்த வளையத்துக்குக் காயில் என்று பெயர். பெட்டியில் இரண்டு காயில் இருந்தன. ஒன்று பதினோரு அங்குலம், இன்னொன்று ஆறு அங்குலம். "மாமா, வாங்க, ஸ்கூல் கிரவுண்டுல போட்டுப் பார்க்கலாம்" என்றான். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போனோம்.

அறிவியல் பாடம் மறந்துபோனவர்களுக்காக: காயிலுக்குள் மின்சாரம் மாறி மாறி ஓடும். அதனால் கீழே மண்ணுக்குள் ஒரு காந்தப் புலம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும், அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைக் கேட்டுத்தான் மெஷின் கத்துகிறது. ஃபாரடே சொன்னதுதான், எட்டாம் வகுப்பில் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்துக் காட்டினேனே, அதே சங்கதி.

பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும், ஒரே வீச்சில் அதிக இடத்தையும் பார்க்கும். ஆனால் பள்ளி மைதானத்தில் அது பைத்தியம் பிடித்தது போல ஆகிவிட்டது. ஒரு ஆணியும் ஒரு காசும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே சத்தமாகக் கொடுக்கிறது. ஊஞ்சல் கம்பத்துக்கு நாலடி தூரத்தில் வரும்போதே அலறுகிறது. சின்னக் காயிலை மாட்டியதும்தான் வேலை நடந்தது. குப்பைக்கு நடுவே அது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும், இரும்புக் கம்பத்தின் பக்கத்தில் கொஞ்சம் நெருங்கவும் முடியும். ஆழம் குறைவு, சாண் அளவுக்குள் கிடைப்பதுதான். மைதானத்துக்கு அது போதும்.

இங்கே ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்துகொண்டு போனார். ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையில் இரும்புச் சுருள்கள் இருந்தன, கருவி குழம்பிப்போனது, குண்டு கடைசிவரை கிடைக்கவில்லை. எங்கள் ஊஞ்சல் கம்பத்தைப் பார்த்தபோது பெல் மீது எனக்கு இரக்கம்தான் வந்தது.

இன்னொரு விஷயம் எங்களுக்குப் பட்டபிறகுதான் புரிந்தது. வெளிநாட்டு வீடியோக்களில் "இரும்பை ஒதுக்கிவிடு" என்று மெஷினில் ஒரு அமைப்பை வைக்கச் சொல்கிறார்கள். அப்படி வைத்தால் ஆணிக்குக் கத்தாது. ஆனால் நம் ஒரு ரூபாய் நாணயம் 1992லிருந்து துருப்பிடிக்காத எஃகில் வருகிறது, காந்தத்தில் ஒட்டும். மெஷின் அதையும் இரும்பு என்று ஒதுக்கித் தள்ளிவிடுகிறது! பழைய அலுமினியப் பத்துப் பைசாவுக்கோ கணீர் என்று மணி அடிக்கிறது. 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போன நாலணாக்களில் பழையவையும் அதற்கு முந்திய சில்லறைகளும்தான் இந்த மெஷினுக்கு ராஜா. மெல்லிய தங்கத் தோடும் மாத்திரை அட்டையின் பளபளத் தாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி சத்தம் தருகின்றன. ஆகவே "தங்கம் கண்டுபிடிக்கிற மெஷின்" என்று ஒன்று இது அல்ல. உலோகம் இருக்கிறது என்று சொல்லும், மீதியைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தவை: ஆணிகள் முப்பதுக்கு மேல், சோடா மூடிகள் ஒரு கை நிறைய, பிளேடுத் துண்டுகள், ஊக்குகள், முள் ஒடிந்த ஒரு காம்பஸ், கொலுசின் திருகு ஒன்று, நாணயங்கள் ஏழு. எல்லாம் சேர்த்துப் பதினோரு ரூபாய் செல்லும், மீதி செல்லாது. ஆனால் அந்தப் பிளேடுத் துண்டுகளைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. சறுக்குமரத்தின் அடியில், பிள்ளைகள் வந்து விழும் மணலில் இரண்டு விரல் ஆழத்தில் கிடந்தன. எத்தனை வருடம் அந்த மைதானத்தில் செருப்பில்லாத கால்களை வரிசையில் நிற்க வைத்திருக்கிறேன்!

அதனால் பள்ளி மைதானத்திலும் பூங்காவிலும் இந்த மெஷினைப் போடுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. பள்ளியிலோ பேரூராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போட வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும், எடுத்த குப்பையைக் கையோடு கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். யாராவது கம்மலைத் தொலைத்துவிட்டு அழுதால் தேடிக் கொடுக்கலாம். புண்ணியம்.

ஆனால் மண்டபம் வேறு. நம் ஊர் மண் வேறு.

2020 டிசம்பரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணிக்காகக் கருவறைக்கு முன்னால் இருந்த கல் படிகளைப் பெயர்த்தபோது தங்கம் கிடைத்தது. 565 கிராம் என்று கணக்கு வந்தது, ஏறக்குறைய எழுபது பவுன். என் வீட்டுத் திண்ணையில் எழுபதாக இருந்தது டீக்கடைக்குப் போவதற்குள் நூறாகிவிட்டது. அதிகாரிகள் வந்து கேட்டபோது ஊர்மக்கள் கொடுக்க மறுத்தார்கள். சாமிக்கு வைத்தது, கும்பாபிஷேகத்தின்போது அதே இடத்தில் திரும்ப வைப்போம் என்றார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு தங்கம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. அதே மாதம்தான் டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் நம் ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசியிருந்தார். ஒரே மாதத்தில் குடவோலையும் தங்கமும்!

அன்று நான் ஊர்ப் பக்கமா, அதிகாரிகள் பக்கமா என்று பலர் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். வைத்தவர்கள் எந்த எண்ணத்தில் வைத்தார்களோ அதை மதிக்க வேண்டும் என்ற ஊர்க்காரர்களின் ஆசை நியாயமானது. ஆனால் தாமே வைத்துக்கொள்வோம் என்றது நியாயமில்லை. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள்ளோ மண்ணோடு சேர்ந்த கட்டடத்துக்குள்ளோ மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, பங்கும் போய்விடும். பலருக்குத் தெரியாதது அடுத்த பாதி: சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால், நிலத்துக்காரரோடு வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் பொருளின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். ஆங்கிலேயர் காலத்துச் சட்டமானாலும் கண்டெடுத்தவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கோயில் நிலம், தொல்பொருள் என்று வரும்போது வேறு சட்டங்களும் குறுக்கே வரும், அது நீண்ட கதை.

என் மனக்குறை வேறொன்று. அந்த இரண்டு மூன்று நாளும் தெருவில் என்னிடம் எல்லோரும் கேட்டது "எத்தனை பவுன் சார்?" என்பதுதான். யார் வைத்தது, எப்போது, எதற்காக என்று கேட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. பொன்னைப் பார்த்துக்கொள்ள என்றே பொன் வாரியம் என்று ஒரு குழு வைத்திருந்த ஊர் இது. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும்கூடத் தேர்தலில் நிற்க விடாத ஊர். 919லும் 921லும் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. அந்த வரிகள் அந்தச் சுவரில் இருப்பதால்தான் அவற்றுக்கு மதிப்பு. கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் எங்கோ வைத்தால் அது எந்த ஊர்க் கதை என்றே தெரியாமல் போகும். மண்ணுக்குள் இருக்கும் காசும் அப்படித்தான்.

பத்தூர் நடராஜர் கதையைக் கேளுங்கள். திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976ல் ஒரு கூலித் தொழிலாளி குடிசை போட மண்ணைத் தோண்டினார், செப்புச் சிலைகள் வந்தன. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமல் சில நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டார். கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்விட்டது. வழக்குப் போட்டு மீட்டு, 1991ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் நிபுணர்கள் ஆராய்ந்து சாட்சி சொன்னார்கள். நாம் துடைத்து எறியும் மண்தான் அங்கே சாட்சிக் கூண்டில் ஏறியது.

இதற்கு நேர்மாறாக இங்கிலாந்தில் ஒன்று. 1992ல் ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர் டிடெக்டரோடு தேடப் போனார். ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் வந்தன. கொஞ்சம் எடுத்துப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுச் செய்தி சொன்னார். மறுநாள் தொல்லியல்காரர்கள் வந்து, எது எதற்குள் எப்படி அடுக்கியிருந்தது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். அவருக்குப் பதினேழரை லட்சம் பவுண்டு வெகுமதி கிடைத்தது, விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் கையிலும் ஒரு கறை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் வகுப்புப் பையன் ஒருவன் டவுசர் பையில் பச்சைப் பாசி பிடித்த செப்புக் காசுகள் பத்துப் பன்னிரண்டு கொண்டுவந்து காட்டினான். ஏர் உழும்போது வந்ததாம். நான் அப்போது பெருக்கல் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். "கிளாஸ் நேரத்துல என்னடா இது, வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாகிட்ட குடு" என்று அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஞாபகம் வந்து கேட்டேன். தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டு ஒரு சொம்பு வாங்கிவிட்டார்களாம். எந்த வயல், எந்த மூலை என்று கேட்கக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை. பல்லவர் காசா, சோழர் காசா, நவாப் காசா, எதுவும் தெரியாது. அந்தப் பையன் இப்போது இல்லை. அந்தச் சொம்பு இருக்கிறதா என்றும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ராத்திரியில் மெஷினோடு மண்டபத்துக்குப் போகிறவன் செய்யப்போவதும் இதேதான், நான் அலட்சியத்தில் செய்ததை அவன் ஆசையில் செய்வான். அதோடு, பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லையில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். "ஆழத்தில் தங்கம் இருப்பதைத் திரையில் காட்டும்" என்று ஒரு மெஷினை லட்சக்கணக்கில் விற்க வருகிறவர்களையும், அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்று பேசுகிறவர்களையும் வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள். என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் அதில் பணம் இழந்திருக்கிறார்கள். படித்தவர்கள்தான்.

இலங்கையில் முகமாலைப் பக்கம் நம் தமிழ்ப் பெண்கள் இதே மாதிரிக் கருவியோடு, முகக் கவசம் போட்டுக்கொண்டு, வெயிலில் மண்டியிட்டு, சாண் சாணாகக் கண்ணிவெடி எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்று, மெதுவாக, பக்கவாட்டில் மண்ணை விலக்குவார்கள். அந்தப் பொறுமையில் பத்தில் ஒரு பங்கு நமக்கு இருந்தால் போதும்.

யாருக்காவது உழும்போதோ, வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போதோ ஏதாவது தட்டுப்பட்டால், கையை எடுங்கள். செல்போனில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து எடுங்கள். துடைக்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போவதற்குக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் கூட வருகிறேன். மனுவும் நானே எழுதித் தருகிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

மெஷின் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குச் சறுக்குமரத்துப் பக்கம் மீதி மணலைப் பார்க்கப் போகிறோம். வருகிறவர்கள் ஒரு சல்லடையும் பழைய பக்கெட்டும் கொண்டு வாருங்கள். போன் செய்தவனே, நீயும் வா. பிள்ளைகளையும் கூட்டி வா, செருப்புப் போட்டு.

அன்புடன்,
உங்கள் சார்