ஒரு கிலோவுக்குள் ஒரு தரையிறக்கம்

ரம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் புகையிரதம் ஈர்ப்பு விசையோடு மல்லுக்கட்டித்தான் மேலே வருகிறது. நிலக்கரி இயந்திரக் காலத்தில் பாரமான பெட்டிகள் கணவாயைத் தாண்ட இன்னொரு இயந்திரம் துணைக்கு வரவேண்டும். சிறுகோளில் இறங்குவோருக்குத் தொல்லை நேரெதிர்: அங்கே ஈர்ப்பு போதாது. துணை இயந்திரம் மட்டும் அங்கும் வேண்டும். இலங்கை ஒரு சிறுகோள் கலத்தை வடிவமைப்பதானால், எவருடைய கலத்தில் தொற்றிக்கொண்டு போவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ரியுகு சுமார் 900 மீற்றர் அகலமான சிறுகோள். அதன் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 80,000இல் ஒரு பங்கு. பத்துக் கிலோ கருவிப்பெட்டி அங்கே ஒரு கிராமின் எட்டிலொரு பங்குதான் கனக்கும். சக்கரம் பிடிக்காது. நொடிக்கு அரை மீற்றர் வேகத்தில் தெறித்த பொருள் திரும்பியே வராது. 2005இல் ஜப்பானின் ஹயபூசா கலம், இட்டோகாவா என்ற சிறுகோளருகே மினர்வா என்ற 591 கிராம் குட்டி ஊர்தியை விடுவித்தபோது தாய்க்கலம் மேலெழுந்துகொண்டிருந்தது. குட்டி தரையைத் தொடாமலே விண்வெளியில் தொலைந்தது.

ஜப்பானியர் சோர்ந்துவிடவில்லை. 2018 செப்டெம்பரில் ஹயபூசா-2 ரியுகுவில் இறக்கிய இரண்டு குட்டி ஊர்திகள் தலா 1.1 கிலோ. உள்ளே ஒரு மோட்டார் சுழல, ஊர்தி முழுதும் துள்ளித் துள்ளி நகர்ந்தது. அடுத்த மாதம் ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்து செய்த, பத்துக் கிலோ அளவிலான மாஸ்கொட் 51 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தது. பிழையான பக்கம் சாய்ந்து கிடந்ததை, உள்ளிருந்த ஊசற்கை புரட்டிப்போட்டது. மின்னேற்ற முடியாத பற்றரி 17 மணி நேரம் தாங்கியது. இத்தனை ஆண்டு உழைப்பு வெறும் 17 மணி நேரத்துக்கா என்று கேட்கலாம். சூரியத் தகட்டின் பாரத்தைத் தவிர்க்க ஆயுளை விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு அது நல்ல கணக்காகவே படுகிறது.

2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட நமது ராவணா-1 செய்மதியின் எடை 1.05 கிலோ. ரியுகுவில் துள்ளிய ஊர்திகளின் எடைதான். ஜப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் அதைச் செய்தார்கள். எடை ஒன்றென்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது. அது ஓடியது 400 கிலோமீற்றர் உயரத்தில். சிறுகோளுக்குக் கட்டளை போய்ச்சேரவே பல நிமிடங்களாகும், பெட்டி தானாகத் தீர்மானிக்க வேண்டும். தாய்க்கலம் அருகில் இருந்தால் சிறு அன்டெனா போதும். 2022இல் ஆர்ட்டெமிஸ்-1 உடன் ஏவப்பட்டு, தனியே ஒரு சிறுகோளைத் தேடிப் போகவிருந்த நாசாவின் நியா ஸ்கௌட்டிடமிருந்து ஒரு சமிக்ஞையும் வரவில்லை. அதே ஆண்டு டார்ட் கலம் சுமந்துபோன இத்தாலியின் லிசியாகியூப் சிறுகலமோ படங்களை அனுப்பியது.

2029 ஏப்ரல் 13 அன்று அப்போபிஸ் என்ற சிறுகோள் பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீற்றரில் கடக்கும். அதற்குள் புதிதாக ஒன்றைச் செய்து அனுப்ப நமக்கு அவகாசமில்லை. அரசியல்வாதிகள் அந்தத் திகதியைப் பிடித்துக்கொள்ளாதிருந்தால் நல்லது. அதற்கடுத்த பயணங்களுக்குத்தான் தயாராக வேண்டும். பெட்டியைப் பேராதனைப் பொறியியல் பீடமும் கட்டுபெத்தை ஆர்தர் சி. கிளார்க் நிறுவகமும் செய்யட்டும். உள்ளே எந்தக் கருவி என்பதைப் பாறை தெரிந்தவர்கள் சொல்லட்டும். கடுகண்ணாவையின் பெயரே இலங்கைப் புவியியலில் ஒரு பாறைத் தொகுதியின் பெயர். ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகமும் இருக்கிறது. ஒரேயொரு கருவி, ஒரேயொரு கேள்வி. மற்ற நாட்டின் கதவைத் தட்டும்போது கையில் இருக்க வேண்டியவை எடை, மின்தேவை, பெட்டியைப் பொருத்தும் விதம், விடுவிக்கும் வேகம் என்ற நான்கு விவரங்களும், குலுக்கிச் சோதித்த ஒரு மாதிரியும்.